மகளுக்கு வயிற்றுவலி, அம்மாவுக்கு அதிக உதிரப்போக்கு: கிளினிக்கிற்கு முதலில் யார் போக வேண்டும்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நீங்கள் எழுதியதன் சாரம் இதுதான். படிவம் நான்கில் படிக்கும் பதினாறு வயது மகளுக்கு மாதவிலக்கின் முதல் நாள் துடிதுடிக்கும் வலி, வாந்தி, இரண்டு மூன்று தடவை வயிற்றுப்போக்கு. மாதம் ஒருநாள் பள்ளிக்கூடம் மட்டம். வலி உச்சத்துக்கு வந்ததும் ஒரு பொன்ஸ்டான் வலி மாத்திரை கொடுக்கிறீர்கள், அதையும் வாந்தி எடுத்துவிடுகிறாள். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிரும்" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா லேபிள் இல்லாத ஒரு ஜாமு (மூலிகை மருந்து) தூளைக் கொடுத்திருக்கிறார். டாக்டரிடம் போகத்தான் வேண்டுமா, போனால் கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு 'அந்த மாதிரி' சோதனை செய்வார்களா என்பது உங்கள் பயம். கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி: "எனக்கும் எட்டு மாசமா ஒன்பது பத்து நாள் இழுக்குது, கட்டி கட்டியாப் போகுது, 44 வயசாச்சு, அது அப்படித்தான்னு விட்டுட்டேன்."

கேள்வி மகளைப் பற்றி. ஆனால் கிளினிக்கிற்கு முதலில் போக வேண்டியவர் நீங்கள், அதுவும் இந்த வாரத்திலேயே. நேரில் பார்க்காமல் யாருக்கும் இன்ன நோய் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் விவரித்திருக்கும் மகளின் வலி, மருந்தை உரிய நேரத்தில் உரிய அளவில் கொடுத்தால் பெரும்பாலும் அடங்குகிற வகை. உங்கள் உதிரப்போக்கு அப்படியல்ல. அதற்குக் காரணம் தேட வேண்டும், இரத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், இரண்டையும் வீட்டில் செய்ய முடியாது.

முதலில் மகள். மாதவிலக்கு வருவதற்குச் சற்று முன் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்குகிறது. அப்போது கருப்பையின் உள்படலம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. கருப்பை என்பது ஒரு தசைப் பை. இந்தப் பொருள் அந்தத் தசையை இறுக்கிப் பிழிய வைக்கிறது. இறுக்கம் கூடும்போது தசைக்குப் போகும் இரத்த ஓட்டம் நின்று நின்று போகும். ஓடிக் களைத்தவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதைப்போல கருப்பையும் பிடித்துக்கொள்கிறது. அதே பொருள் இரத்தத்தில் கலந்து குடலையும் முறுக்குவதால்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தலைவலியும். ஆக, மகள் பள்ளிக்குப் போக மனமில்லாமல் நடிக்கவில்லை. கண்டதைத் தின்று வயிறும் கெடவில்லை. மலாய்க்காரர்கள் 'செங்குகுட்' என்று சொல்வது இதைத்தான். வயதுக்கு வந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து, கருமுட்டை ஒழுங்காக வெளியாகத் தொடங்கிய பிறகுதான் இந்த வலி வழக்கமாகத் தலைகாட்டும். உதிரம் தென்படுவதற்குச் சில மணி நேரம் முன்னோ அதோடு சேர்ந்தோ தொடங்கி, முதல் நாள் உச்சத்தில் இருந்து, அதிகம் போனால் மூன்றாம் நாள் ஓய்ந்துவிடும். உங்கள் மகளுக்கு 13 வயதில் வந்து 14-ல் வலி தொடங்கியது, மறுநாள் மாலைக்குள் அடங்கிவிடுகிறது என்று எழுதியிருப்பது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

பொன்ஸ்டான் ஏன் கேட்கவில்லை? அதன் உள்ளே இருப்பது மெஃபனாமிக் ஆசிட். இபுபுரோஃபென், நாப்ரோக்சென் போன்றவையும் இதே குடும்பம். இவை வெறுமனே வலியை மரத்துப்போகச் செய்வதில்லை, புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே நிறுத்துகின்றன. ஏற்கெனவே சுரந்து வேலையைத் தொடங்கிவிட்டதை இவற்றால் திரும்ப எடுக்க முடியாது. போதாததற்கு மெஃபனாமிக் ஆசிட் இரத்தத்தில் முழு அளவை எட்டவே இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். வலியில் சுருண்டு வாந்தி தொடங்கிய பிறகு வெறும் வயிற்றில் ஒன்றைக் கொடுத்தால், மருந்து உள்ளே தங்குவதே சந்தேகம். அளவிலும் குழப்பம் இருக்கிறது. இந்த மருந்து 250, 500 என இரண்டு அளவில் வருகிறது, அட்டையின் பின்புறம் போட்டிருக்கும். 12 வயதுக்கு மேல் மாதவிலக்கு வலிக்கு வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. நீங்கள் கொடுப்பது 250 என்றால் பாதி அளவுதான் போயிருக்கிறது. பாமசியில் மருந்தாளரிடம் மகளின் வயதையும் எடையையும் சொல்லி, அளவை உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

கொடுக்கும் முறை இப்படி. அடிவயிற்றில் முதல் கனம் தெரிந்த உடனே, அல்லது பேட்டில் முதல் கறை பட்ட உடனே, வலிக்காகக் காத்திராமல் முதல் மாத்திரை. தேதி தவறாமல் வருகிற பிள்ளையாக இருந்தால் அதற்கு முந்தின நாள் ராத்திரியே தொடங்கலாம். இரண்டு பிஸ்கட்டோ, ஒரு துண்டு ரொட்டியோ, மைலோவோ வயிற்றுக்குப் போன பிறகுதான் மருந்து. அதன்பின் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள், தேவைப்பட்டால் மூன்றாம் நாளும். அதற்குமேல் வேண்டாம். 'வலி வந்தால் மட்டும்' என்று விட்டுவிட்டுக் கொடுப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. பள்ளிக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தால் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மெஃபனாமிக் ஆசிட் சிலருக்கு வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். அப்படியானால் அதை நிறுத்திவிட்டு இபுபுரோஃபென் 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை என்று மாற்றிப் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. முட்டிவலிக்குத் தாத்தா போடுகிற டைக்ளோஃபெனாக்கும் இதே குடும்பம்தான், அதையும் மேலே போடக் கூடாது. பனடோல் (பாராசிட்டமால்) வேறு குடும்பம். வலி மிச்சமிருந்தால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்; ஆனால் தனியாகக் கொடுத்தால் இந்த வலிக்கு அது சற்று பலவீனமானது.

இந்த மருந்துக் குடும்பம் எல்லோருக்கும் ஆகாது. வயிற்றுப்புண் இருந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், வலி மாத்திரை போட்டால் ஆஸ்துமா இழுக்கிறவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. நம் ஊருக்கென்று இன்னொன்று: டெங்கி. காய்ச்சல் அடித்துக்கொண்டிருக்கும்போது மாதவிலக்கும் வந்தால் பொன்ஸ்டானோ இபுபுரோஃபெனோ வேண்டாம். டெங்கியில் இரத்தத் தட்டணுக்கள் குறையும். இந்த மாத்திரைகள் இரத்தக் கசிவை மோசமாக்கும். அந்த நாட்களில் பனடோல் மட்டும், அதோடு இரத்தப் பரிசோதனை. டெங்கி நேரத்தில் மாதவிலக்கு வழக்கத்துக்கு மேல் கொட்டினால் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறி.

சூடு வேலை செய்யும். இதை நம்பிச் சொல்லலாம். வயிற்றில் தொடர்ந்து சூடு வைத்தது இபுபுரோஃபெனுக்கு நிகரான நிவாரணம் தந்ததாக ஆய்வே இருக்கிறது. ரப்பர் பையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள். கை பொறுக்கும் சூடு, துண்டில் சுற்றி, அடிவயிற்றிலோ இடுப்பிலோ இருபது நிமிடம். தினமும் அதிகச் சூட்டை ஒரே இடத்தில் வைத்தால் தோலில் வலை வலையாகப் பழுப்புக் கறை விழும். நடை, லேசான உடற்பயிற்சி உதவும். மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் செய்பவர்களுக்கு நாளடைவில் வலி குறைகிறது. இஞ்சிக்குச் சிறிய ஆய்வுகளின் ஆதரவு இருக்கிறது, முதல் மூன்று நாள் இஞ்சித் தண்ணீர் குடிப்பதில் தப்பில்லை. வெந்தயம், பெருங்காயம், ஓமம் எல்லாம் அதற்கும் கீழே, 'கேட்டாலும் கேட்கலாம்' என்ற வரிசை. ஐஸ் தண்ணீர் குடித்தால் இரத்தம் உள்ளே உறைந்துவிடும், தலைக்குக் குளித்தால் உதிரம் தலைக்கேறும் என்பவை வெறும் பேச்சு. வயிற்றுக்குள் போன ஐஸ் தண்ணீர் சீக்கிரமே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், கருப்பைக்கு அது தெரியவே தெரியாது. மாமியார் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு: பிள்ளை பெற்ற பிறகு பலருக்கு இந்த வலி குறைகிறது. தாலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பதினாறு வயதுப் பிள்ளையை அதுவரை பொறுத்திருக்கச் சொல்வது மருத்துவமும் இல்லை.

அந்த ஜாமுத் தூளைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஜாமு எல்லாமே கெடுதல் என்று சொல்லவில்லை. மலேசியாவில் பதிவான மருந்துக்கும் பாரம்பரிய மருந்துக்கும் 'எம்.ஏ.எல்.' (MAL) என்று தொடங்கும் எண் ஒன்று, எட்டு இலக்கங்களோடு, பெட்டியில் அச்சாகியிருக்கும். பாரம்பரிய மருந்தானால் கடைசி எழுத்து 'டி' (T). பாதுகாப்பு ஹோலோகிராம் ஒட்டியிருக்கும். இவை இல்லாத தூளில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. இப்படிப்பட்ட சரக்கில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. 'குடிச்ச உடனே வலி பறந்துபோச்சு' என்று யாராவது சொன்னால் அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

மேலே சொன்னபடி மூன்று மாதம் சரியாகக் கொடுத்தும் பிள்ளை படுத்த படுக்கையாகவே கிடந்தால் டாக்டரிடம் போக வேண்டும். வேறு சில அடையாளங்கள் இருந்தால் அந்த மூன்று மாதமும் காத்திருக்க வேண்டாம். வலி மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போவது, உதிரம் வருவதற்குப் பல நாள் முன்பே தொடங்குவது, நின்ற பிறகும் தொடர்வது, மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ உள்ளே கத்தி பாய்வதுபோல் குத்துவது, கல்யாணம் ஆனவர்களுக்கு உடலுறவின்போது ஆழத்தில் வலிப்பது. இவை எண்டோமெட்ரியோசிஸை நினைக்க வைக்கும். கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு வெளியே, சினைப்பையிலோ குடல் பக்கமோ ஒட்டி வளர்வதுதான் அது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது, இளம்பெண்களுக்கும் வரும். இதில் ஒரு சிக்கல்: ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 'ஸ்கேன்ல ஒண்ணுமில்ல' என்று கேட்டுவிட்டு வருடக்கணக்கில் வலியோடு இருப்பவர்கள் நிறைய. வலி தொடர்ந்தால் அந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்துவிடாமல், அடுத்து என்ன என்று கேளுங்கள். வயிற்றைக் கிழித்துப் பார்க்காமலே, சந்தேகத்தின் பேரில் ஹார்மோன் மாத்திரை தொடங்கும் வழக்கம் இப்போது உண்டு. கருத்தடை மாத்திரையை வலிக்காகக் கொடுத்தால் அது ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சும் அல்ல, பிற்பாடு பிள்ளைப்பேற்றைக் கெடுப்பதும் அல்ல. ஆனால் ஒளித் தெறிப்போடு வரும் ஒற்றைத் தலைவலி, இரத்த அழுத்தம், காலில் இரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கல்யாணம் ஆகாத பிள்ளைக்குச் சோதனை பற்றிய பயத்துக்கு நேரான பதில்: பாலுறவே இல்லாத பெண்ணுக்கு உள்வழிப் பரிசோதனை தேவைப்படுவது அபூர்வம். கேள்வி கேட்பார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள், தேவையென்றால் வயிற்றின் மேலாக ஸ்கேன் எடுப்பார்கள். அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்பே நான்கு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, கழிவறைக்குப் போகாமல் இருந்தால் இரண்டாம் தடவை அலைய வேண்டியதில்லை. பெண் டாக்டர் வேண்டும், இல்லையென்றால் ஒரு நர்ஸ் உடன் இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரு சில நிமிடம் பிள்ளையைத் தனியாகப் பேச விடச் சொன்னால் விட்டுவிடுங்கள், எல்லா இளம்பிள்ளைகளிடமும் அப்படிக் கேட்பது வழக்கம்தான்.

இனி நீங்கள். எவ்வளவு போனால் அதிகம்? புத்தகக் கணக்கில் ஒரு மாதவிலக்குக்கு 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம், சாதாரணமாக 30, 40 தான். வீட்டில் யாரும் மில்லிலிட்டர் அளக்கப் போவதில்லை. அதனால் பேட்டை எண்ணும் முறை ஒன்று இருக்கிறது. லேசாகக் கறை பட்ட பேட்டுக்கு 1, பாதி நனைந்ததற்கு 5, ஓரம் வரை ஊறியதற்கு 20. சிறிய கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. மாதவிலக்கு முடிந்ததும் கூட்டிப் பாருங்கள், 100-ஐத் தாண்டினால் அதிக உதிரப்போக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் மட்டுமே ஐந்து பேட் முழுக்க ஊறினால் அந்த ஒரே நாளில் 100 வந்துவிட்டது. பேட்டின் அளவும் தரமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் இது தோராயக் கணக்குத்தான். டாக்டருக்கு உங்கள் நிலைமையைக் காட்ட அது போதும். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவர்கள் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போகும்போது இரண்டு பேட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு போய், மதியம் வீட்டுக்கு வந்துதான் மாற்றுவார்கள், கழிவறை இல்லாத இடத்தில் வேறு வழியில்லை. நீங்களும் அப்படித்தான் என்றால் இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். ஒன்றாக எண்ணினால் பாதி இரத்தம் கணக்கில் வராது.

எண்ணாமலும் கண்டுபிடிக்கலாம். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்றுவது, ராத்திரி எழுந்து மாற்றுவது, மெத்தையில் பிளாஸ்டிக் விரித்துப் படுப்பது, 50 சென் காசைவிடப் பெரிய கட்டி விழுவது, ஏழெட்டு நாளைத் தாண்டுவது. காலையில் எழுந்தவுடன் ஒரு சின்னக் கட்டி விழுவது எல்லோருக்கும் நடப்பதுதான், ராத்திரி முழுக்கப் படுத்திருந்ததில் தேங்கியது. நாள் முழுக்க, ஈரல் துண்டைப்போலக் கட்டிகள் விழுந்தால், இரத்தம் வெளியேறும் வேகத்துக்கு உறைவதைத் தடுக்கும் உடம்பின் ஏற்பாடு ஈடுகொடுக்கவில்லை என்று பொருள்.

44 வயதில் காரணங்கள் பல. மாதவிலக்கு நிற்கப் போகும் வருடங்களில் கருமுட்டை வெளியாவது தப்பித் தப்பி நடக்கும், அதனால் உள்படலம் தடித்து ஒரேயடியாகக் கொட்டும். '44 வயசாச்சு, அது அப்படித்தான்' என்று நீங்கள் சொன்னது இதைத்தான். இருக்கலாம். ஆனால் இதே வயதில்தான் ஃபைப்ராய்டு என்ற தசைக்கட்டியும், பாலிப் என்ற சதை வளர்ச்சியும், கருப்பைச் சுவருக்குள்ளேயே படலம் ஊடுருவும் அடினோமையோசிஸும், தைராய்டுக் குறைபாடும் வருகின்றன. அரிதாக உள்படலப் புற்றுநோய். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இரத்தம் போகும். மற்றதெல்லாம் இல்லை என்று பார்த்த பிறகுதான் வயதின்மேல் பழிபோட முடியும். நீரிழிவும் உடல் பருமனும் உள்ளவர்களுக்கு உள்படலப் புற்றுநோய் வாய்ப்பு கூடுதல், மலேசிய இந்தியரிடையே நீரிழிவு எவ்வளவு சாதாரணம் என்று சொல்லத் தேவையில்லை. பொதுவாக 45 வயதுக்கு மேல் இப்படிப் போனால் உள்படலத்தில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். 45-க்குக் கீழே என்றாலும் நீரிழிவோ பருமனோ, வருடக்கணக்கில் தேதி தவறிய மாதவிலக்கோ இருந்தால் அதையே செய்வார்கள். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பது, சில நிமிட வேலை, மாதவிலக்கு வலிபோல ஒரு பிடிப்பு இருக்கும். உடலுறவுக்குப் பின் இரத்தம் கசிந்தால் கருப்பைவாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு வருடம் நின்றுபோன பிறகு ஒரு சொட்டு வந்தாலும் கிளினிக் போயாக வேண்டும்.

கிளினிக்கில் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். "இந்த வயசுலயா?" என்று சிரிக்க வேண்டாம், 44-லும் தங்கும். பிறகு இரத்தம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை, 8-க்குக் கீழே கடுமையானது. மெல்ல மெல்லக் குறைந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். 7 இருக்கும்போதும் சமைத்து, வேலைக்குப் போய், துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். மேடேறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, முடி கொட்டுவது, ஐஸ் கட்டியையோ பச்சரிசியையோ மென்றுகொண்டே இருக்கத் தோன்றுவது, இதில் எது இருந்தாலும் சொல்லுங்கள். இரத்தம் குறைவு என்றதும் இரும்பு மாத்திரை எழுதிவிட்டால், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் சோதனை) பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் கணிசம், அவர்களுக்கும் இரத்த அணுக்கள் சிறுத்தே இருக்கும், இரும்புக் குறைவே இல்லாமலும் இருக்கலாம். உங்கள் மகள் படிவம் நான்கு என்பதால் பள்ளியில் அந்தப் பரிசோதனைக்குப் படிவம் வந்திருக்கும். கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், முடிவு உங்களுக்கும் துப்பு தரும்.

இரும்பு மாத்திரையில் பெரும்பாலோர் தோற்பது தேநீரால். ஃபெரஸ் ஃபூமரேட் 200 மில்லிகிராம் மாத்திரையில் ஏறக்குறைய 65 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதைக் காலையில் தே தாரிக்கோடு (பால் தேநீர்) விழுங்கினால் தேயிலைச் சத்தும் பாலும் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குச் சேருவது கொஞ்சம்தான். தண்ணீரோடு, முடிந்தால் எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துவிட்டு, தேநீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், சேமிப்பு நிரம்ப அவ்வளவு நாள் ஆகும். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் கீரையின் இரும்பு உடம்பில் குறைவாகவே ஏறும். ஈரல், கெராங் (சிப்பி), நெத்திலி இன்னும் நன்றாக ஏறும். சாப்பாடு மட்டும் எட்டு மாத இழப்பை ஈடுகட்டாது.

போக்கைக் குறைக்க முதலில் தருவது பெரும்பாலும் டிரானெக்சாமிக் ஆசிட். 500 மில்லிகிராம் மாத்திரை, இரண்டிரண்டாக மூன்று வேளை, உதிரம் அதிகமான நாட்களில் மட்டும், நான்கு நாள் வரை. ஏறக்குறைய பாதி குறையும். வலிக்கு இது உதவாது. காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்களுக்கு ஆகாது. நோரெத்திஸ்டெரோன் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் போக்கு நிற்கும், மாத்திரையை விட்ட இரண்டு மூன்று நாளில் மறுபடி வரும். அது மருந்து தோற்றதல்ல, அது அப்படித்தான். ஹார்மோன் வளையம் ஒன்றைக் கருப்பைக்குள் வைப்பது நீண்ட நாள் தீர்வு. ஐந்தாண்டு வரை வேலை செய்யும், முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகக் கசியும், அதைப் பொறுத்தால் பலருக்குப் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிடும். கருப்பையை எடுப்பது கடைசிப் படி. 'போனா எடுத்துடுவாங்க' என்று பயந்தே வராதவர்களுக்குத்தான், கடைசியில் இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வருகிறது.

அடுத்த மாதவிலக்கு வரை காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. முழு பேட் ஒரு மணி நேரத்தில் ஊறி, அடுத்த மணி நேரத்திலும் அப்படியே ஆனால், எழுந்தால் கண் இருட்டினால், மயக்கம் வந்தால் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. வாகனம் இல்லையென்றால் 999. தேதி தள்ளிப்போய், ஒரு பக்க அடிவயிற்றில் வலி, தோள்பட்டை நுனியில் வலி என்றால் கரு குழாயில் தங்கியிருக்கலாம், அது உயிருக்கு ஆபத்து. காய்ச்சலோடு நாற்றமான போக்கு, திடீரென்று ஒரு பக்கம் பிடித்து வாந்தியோடு வரும் கடும் வலி, இவையும் அன்றைக்கே பார்க்க வேண்டியவை. வயதுக்கு வந்ததிலிருந்தே கொட்டுகிற பெண்ணுக்கு ஈறிலும் மூக்கிலும் இரத்தம் வடிவதுண்டு, பல் பிடுங்கினால் நிற்காமல் போவதுண்டு என்றால் இரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கலாம். மகளிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்.

அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் (சுகாதாரக் கிளினிக்) குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட், அங்கிருந்து கடிதம் வாங்கி ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனூன் ஆஸ்பத்திரியின் நிபுணரைப் பார்க்க அதிகம் போனால் ஐந்து ரிங்கிட். ஐசி (அடையாள அட்டை), சாப்பிடும் மருந்துகளின் அட்டை, பழைய இரத்தப் பரிசோதனைத் தாள், அதோடு ஒரு நோட்டுப் புத்தகப் பக்கம்: கடைசி மூன்று மாதவிலக்கின் முதல் நாள், எத்தனை நாள், பேட் கணக்கு, கட்டி விழுந்த நாட்கள். தமிழ் பேசும் ஆள் இல்லையென்றால் 'டாரா பாஞாக்', கட்டிக்கு 'டாரா பெக்கு' என்று சொன்னால் போதும், உடனே புரியும். உதிரம் போய்க்கொண்டிருக்கும்போது வரக் கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அந்த நாளிலேயே போகலாம். வேலை நாள் போய்விடுமே என்று நினைத்தால், டாக்டர் எழுதும் எம்.சி.க்கு (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) சம்பளத்தோடு விடுப்பு உண்டு: ஒரே முதலாளியிடம் இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருடம் வரை 18, அதற்கு மேல் 22. மகளுக்கு அடுத்தது 9-ஆம் தேதி வாக்கில் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கிளினிக் போய்விட்டுத் திரும்பும் வழியிலேயே பாமசியில் அவள் மருந்தை வாங்கி, ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு அவள் பையில் போட்டுவையுங்கள்.